மலை ஏறும்போது கிளட்ச் ஏன் எரிகிறது? கரடுமுரடான பாதையில் ஓடும் பைக்குகளின் கிளட்ச் தேய்மானம்: கண்டறிவதும் தடுப்பதும்

நகரத்தில் பல்லாயிரம் கிலோமீட்டர் சிக்கலில்லாமல் உழைத்த கிளட்ச், இமயமலையின் லடாக்கிலோ ஸ்பிதியிலோ ஒரே பிற்பகலில் கைவிட்டுவிடுவது உண்டு. கோடையில் மணாலி–லே நெடுஞ்சாலை திறந்து, தெற்கிலிருந்து பைக்குகள் வரிசையாக வடக்கே போகத் தொடங்கியதும், ஆண்டுதோறும் அதே வழக்கு மீண்டும் எழுகிறது: இது வண்டியின் குறையா, ஓட்டியவரின் குறையா? தேயும் உதிரிபாகம் என்ற கணக்கில் கிளட்ச் பிளேட்டைப் பெரும்பாலான நிறுவனங்கள் உத்தரவாதத்திலிருந்து விலக்கி வைத்திருப்பதால், இந்தக் கேள்விக்கான விடை வண்டிக்காரரின் பணப்பையைத் தொடுகிறது. விடை காண, கிளட்சுக்குள் வெப்பம் எப்படிப் பிறக்கிறது என்பதையும், அது கெடத் தொடங்கும்போது எந்த வழியாக நமக்குச் செய்தி அனுப்புகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தச் செய்தி பெரும்பாலும் இடக்கையில் இருக்கும் லீவரின் தளர்ச்சியில்தான் முதலில் வருகிறது. அதைத் தவறாகப் படிப்பதால் எரிந்த கிளட்சுகள் ஏராளம்.

உள்ளே என்ன இருக்கிறது

இன்றைய பைக்குகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது எண்ணெயில் நனைந்த பல தகட்டுக் கிளட்ச். கிண்ணம் போன்ற வெளிக்கூடு ஒன்று எஞ்சினோடு பற்சக்கரத்தால் இணைந்து சுழல்கிறது. கடைக்காரர்கள் இதைக் கிளட்ச் ஹவுசிங் என்பார்கள். அதன் நடுவே கியர்பெட்டியின் தண்டோடு இணைந்த கிளட்ச் சென்டர் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் இருவகைத் தகடுகள் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. உராய்வுப் பொருள் ஒட்டிய தகடுகளின் காதுகள் வெளிக்கூட்டின் பிளவுகளுக்குள் உட்காருகின்றன. வெறும் எஃகுத் தகடுகளின் உட்பற்கள் சென்டரைப் பற்றுகின்றன. அடுக்கின் மேல் பிரஷர் பிளேட் ஒன்றை ஸ்பிரிங்குகள் அழுத்திப் பிடிக்க, எல்லாத் தகடுகளும் ஒன்றாகச் சுழல்கின்றன. லீவரைப் பிடித்தால் பிரஷர் பிளேட் விலகி, தகடுகள் தனித்தனியே சுழலும்.

இந்த அடுக்கு வழுக்காமல் கடத்தக்கூடிய முறுக்குவிசை நான்கு அளவுகளைப் பொறுத்தது: ஸ்பிரிங்கின் அழுத்தம், உராய்வுக் குணகம், தகட்டின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. 7 உராய்வுத் தகடுகள் இருந்தால் 14 முகங்கள் வேலை செய்கின்றன. கையகலத் தகடுகள் ஒரு முழு வண்டியை இழுப்பதன் இரகசியம் இதுதான்.

இதே அமைப்பில் ஒரு பலவீனமும் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு உராய்வுத் தகடும் வெறும் 0.2 மில்லிமீட்டர் தேய்ந்தால், 7 தகடுகளில் அது 1.4 மில்லிமீட்டராகச் சேர்கிறது. அடுக்கு அந்த அளவுக்கு மெலியும்போது ஸ்பிரிங்குகள் அதே அளவுக்கு நீண்டு, அழுத்தம் குறைகிறது. ஆகவே கிளட்ச் பிளேட்டை, பாதி தேய்ந்தும் பிடிக்கும் பிரேக் பேடோடு ஒப்பிடக் கூடாது. கண்ணுக்குப் புத்தம் புதிதாகத் தெரியும் தகடு அளவுகோலில் வைத்தால் எல்லையைத் தாண்டியிருக்கலாம்.

வெப்பக் கணக்கு

வெளிக்கூடும் சென்டரும் ஒரே வேகத்தில் சுழலும்போது கிளட்சில் தேய்மானம் கிட்டத்தட்ட இல்லை. வேகங்கள் வேறுபடும் நேரத்தில் மட்டுமே வெப்பம் பிறக்கிறது. அதன் அளவு, கடத்தப்படும் முறுக்குவிசையையும் சுழற்சி வேக வேறுபாட்டையும் பெருக்கினால் கிடைக்கும்.

ஒரு 200 சிசி பைக், செங்குத்தான கல்பாதையில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுழற்சியில் 15 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. பின்சக்கரம் போகும் வேகத்துக்கு எஞ்சின் 3,000 சுழற்சியில் இருந்தால் போதும். மீதி 2,000 சுழற்சியைக் கிளட்ச் வழுக்கித் தீர்க்கிறது. கணக்கிட்டால் ஏறக்குறைய 3.1 கிலோவாட் வருகிறது. முழு வேகத்தில் வைத்த சமையலறை இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றரையை, உள்ளங்கை அகலத் தகடுகளுக்கு நடுவே வைத்ததற்குச் சமம் அது. இந்த நிலை 15 விநாடி நீடித்தால் பிறக்கும் வெப்பம் சுமார் 47 கிலோஜூல். அதே வண்டியைச் சமதரையில் நிதானமாகக் கிளப்பி மணிக்கு 10 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவரும்போது கிளட்ச் ஏற்கும் வெப்பம் ஏறத்தாழ 1 கிலோஜூல்தான். ஒரு மோசமான ஏற்றம், சிக்னலில் வண்டியைச் சுமார் 50 முறை கிளப்புவதற்கு நிகர் என்று இதிலிருந்து தெரிகிறது.

தகடுகளின் மொத்த எடை 1 கிலோ என்று கொண்டு, எண்ணெய் எதையும் எடுத்துச் செல்லவில்லை என்றும் வைத்துக்கொண்டால், அந்த 47 கிலோஜூல் அவற்றின் வெப்பநிலையை ஏறக்குறைய 100 டிகிரி உயர்த்தும். உண்மையில் எண்ணெய் ஒரு பகுதியை எடுத்துச் செல்கிறது. ஆனால் அதற்கு நேரம் வேண்டும். இடைவெளி விடாமல் மூன்று நான்கு முறை முயன்றால் வெப்பம் வெப்பத்தின் மேல் ஏறுகிறது. மெருகிட்ட எஃகு 300 டிகிரி செல்சியஸ் அருகில் நீலம் பாரிக்கும். கழற்றிய கிளட்சில் நீலத் தகடுகளைக் கண்டால், அவை எந்த வெப்பத்தைத் தொட்டு வந்தன என்று தகடே சொல்லிவிடுகிறது. உராய்வுப் பொருளைப் பிணைக்கும் பிசின் அதற்கு முன்பே கருகத் தொடங்கி, முகம் கண்ணாடிபோல் வழவழப்பாகிவிடும். அதன்பின் தகட்டின் தடிமன் சரியாக இருந்தாலும் பிடிப்பு இருக்காது.

கரடுமுரடான பாதை ஏன் தனிச் சிக்கல்

முதல் காரணம், முதல் கியரின் வேகம். முதல் கியரில் 1,500 சுழற்சிக்கு மணிக்கு 9 கி.மீ. போகும் ஒரு வண்டியைப் பாறைகளுக்கு நடுவே 5 கி.மீ. வேகத்தில் நகர்த்த வேண்டுமானால், இடைவெளியை யாராவது நிரப்ப வேண்டும். அதைக் கிளட்ச் நிரப்புகிறது. மெக்கானிக்குகள் ‘ஆஃப் கிளட்ச்’ என்று சொல்லும் அரைப்பிடி ஓட்டத்துக்கு ஓட்டுநரின் சோம்பல் மட்டும் காரணமன்று. பாதையின் வேகத்துக்கும் கியரின் வேகத்துக்கும் உள்ள பொருத்தமின்மையும் காரணம்.

அடுத்தது எஞ்சினின் இயல்பு. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி தன் உச்ச முறுக்குவிசையான 17.35 நியூட்டன் மீட்டரை 6,500 சுழற்சியில் தருகிறது. ராயல் என்ஃபீல்டின் பழைய 411 சிசி ஹிமாலயன் 32 நியூட்டன் மீட்டரை 4,000 முதல் 4,500 சுழற்சிக்குள் தந்துவிடும். சிறிய எஞ்சினை ஏற்றத்தில் உயிரோடு வைத்திருக்க அதிகமாக முறுக்க வேண்டியிருப்பதால், வழுக்கும் வேக வேறுபாடு கூடுகிறது. பெரிய எஞ்சினில் வேக வேறுபாடு குறைவு; ஆனால் வண்டியின் எடை 200 கிலோவை நெருங்குவதால் கடத்த வேண்டிய விசை கூடுகிறது. இரண்டுமே வேறு வேறு வழியில் அதே அடுப்பைப் பற்றவைக்கின்றன.

இமயமலையில் இதோடு உயரமும் சேர்கிறது. 5,000 மீட்டரைத் தாண்டிய கணவாய்களில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். எரிபொருள் ஊசிமுறை (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) காற்று–எரிபொருள் கலவையின் விகிதத்தைச் சரிசெய்யும். இல்லாத காற்றை அதனால் கொண்டுவர முடியாது. எஞ்சினின் விசை பாதிக்கு இறங்க, சுமைப்பைகளும் பின்னிருக்கைப் பயணியும் அப்படியே இருக்க, ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை முறுக்கி லீவரைப் பாதி விடுகிறார். பனி உருகி ஓடைகள் பெருகும் பிற்பகலில், நீருக்குள் கிடக்கும் உருண்டைக் கற்கள் மீது இதையே திரும்பத் திரும்பச் செய்கிறார். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கொல்லிமலைத் தார்ச்சாலையில் ஏறியும் சேதமடையாத கிளட்ச் அங்கே ஒரு கிலோமீட்டரில் கருகுவதற்கு விளக்கம் இதுவே. வளைவுகளின் எண்ணிக்கை கிளட்சைத் தேய்ப்பதில்லை. அரைப்பிடியில் கழிந்த விநாடிகளே தேய்க்கின்றன.

லீவர் சொல்லும் செய்தியை இரு திசையிலும் படித்தல்

கேபிள் கிளட்சில், லீவரைத் தொட்டதும் விசையில்லாமல் சிறிது நகர்ந்து, பிறகே ஸ்பிரிங்கின் எதிர்ப்பு தெரிய வேண்டும். இந்தத் தளர்ச்சியைத்தான் ஃப்ரீ பிளே என்கிறோம். பலரும் அறியாத செய்தி என்னவென்றால், தேய்மானமும் வெப்பமும் இந்தத் தளர்ச்சியை எதிரெதிர்த் திசைகளில் மாற்றுகின்றன.

1. தகடுகள் தேயும்போது அடுக்கு மெலிந்து, பிரஷர் பிளேட் உள்நோக்கி நகர்கிறது. லீவரைப் பிடிக்கும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளி விடுவிக்கும் கம்பிக்கும் அதற்கும் உள்ள இடைவெளி சுருங்குவதால், பெரும்பாலான அமைப்புகளில் லீவரின் தளர்ச்சி வாரக்கணக்கில் மெல்லக் குறைகிறது. அது முற்றிலும் மறைந்துவிட்டால், லீவரை யாரும் தொடாதபோதே கிளட்ச் சற்றுப் பிடிக்கப்பட்ட நிலையில் இருக்கும். வழுக்கல் அங்கே தொடங்குகிறது; வழுக்கல் தேய்மானத்தைக் கூட்ட, தேய்மானம் வழுக்கலைக் கூட்டுகிறது.

2. தகடுகள் கடுமையாகச் சூடேறினால் அடுக்கு விரிந்து, பிரஷர் பிளேட் வெளிநோக்கி நகர்கிறது. அப்போது தளர்ச்சி சில நிமிடங்களிலேயே கூடும். லீவர் தொளதொளவென்று ஆடும். கிளட்ச் பிடிக்கும் இடம் கைப்பிடியை நோக்கி நகரும். நிறுத்துங்கள், ஆறவிடுங்கள் என்று வண்டி கேட்பது இதுவே.

ஏற்றத்தின் நடுவில் லீவர் தொளதொளத்ததும் கேபிள் தளர்ந்துவிட்டது என்று எண்ணி, கைப்பிடி அருகே உள்ள திருகைத் திருகி இறுக்குவது மிகப் பரவலான வழக்கம். அந்த நேரத்துக்கு அது சரியாகவே வேலை செய்யும். ஆனால் இரவில் தகடுகள் ஆறிச் சுருங்கியதும் தளர்ச்சி முழுவதும் காணாமல் போய், மறுநாள் காலை முதல் கிலோமீட்டரிலிருந்தே கிளட்ச் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. முதல் நாள் வெப்பத்தில் தப்பித்த கிளட்ச் இரண்டாம் நாள் இந்த இறுக்கத்தால் சாகிறது. சூட்டில் இறுக்கியதை ஆறியபின் தளர்த்தியே ஆக வேண்டும். தளர்ச்சியின் அளவு வண்டிக்கு வண்டி மாறும். சில கையேடுகள் லீவரின் நுனியிலும் சில அதன் அடியிலும் அளக்கச் சொல்கின்றன என்பதால், எண்ணை மட்டும் கேட்டு வைத்துக்கொள்வது போதாது.

கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்சில் இந்தத் தளர்ச்சி தானே சரியாகிக்கொள்வதால் லீவர் மௌனமாகிவிடுகிறது. அங்கே செய்தி திரவக் கிண்ணத்தில் இருக்கிறது. பிரேக் பேட் தேய்ந்தால் திரவ மட்டம் இறங்கும். கிளட்ச் தேய்ந்தாலோ மட்டம் ஏறும். இது தெரியாமல் பராமரிப்பின்போது விளிம்புவரை ஊற்றி வைத்தால், பின்னால் தேய்மானத்தால் திரும்பி வரும் திரவத்துக்கு இடமின்றிப் போய் கிளட்ச் லேசாகப் பிடிக்கப்பட்டே இருக்கும். சில அமைப்புகள் கனிம எண்ணெயையும் சில டாட் 4 என்ற பிரேக் திரவத்தையும் கேட்கும். மாற்றி ஊற்றினால் ரப்பர் அடைப்புகள் கெட்டுவிடும்.

வழுக்கலா, ஒட்டலா?

கிளட்ச் கெட்டுவிட்டது என்ற ஒரே சொல்லில் இரண்டு எதிரெதிர் நோய்கள் அடங்கியிருக்கின்றன. லீவரை விட்டபின்னும் தகடுகள் முழுதாகச் சேராதது வழுக்கல். லீவரைப் பிடித்தபின்னும் முழுதாகப் பிரியாதது ஒட்டல். இவற்றைப் பிரித்தறியாமல் பிளேட் மாற்றுவது வீண் செலவு.

வழுக்கலைச் சோதிக்க, ஆளில்லாத நேர்ச்சாலையில் எஞ்சின் நன்கு சூடானபின், மேல் கியரில் மணிக்கு 50 கி.மீ. அளவில் ஓட்டியபடி ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறக்க வேண்டும். சுழற்சிமானியும் வேகமானியும் கைகோத்து ஏறினால் கிளட்ச் நலம். சுழற்சி மட்டும் எகிறி, வேகம் பின்தங்கினால் வழுக்குகிறது. மேல் கியரைத் தேர்வதற்குக் காரணம் உண்டு. கீழ்க் கியரில் எஞ்சின் இயல்பாகவே விரைந்து சுழலேறும் என்பதால் சிறிய வழுக்கல் அதில் கலந்து மறைந்துவிடும். மேல் கியரில் சுழற்சி மெதுவாகத்தான் ஏற முடியும் என்பதால் வழுக்கல் உடனே வெளிப்படும். முன்சக்கரத்தைச் சுவரில் முட்டவைத்து, கியரில் போட்டு லீவரை விடும் சோதனை சில பட்டறைகளில் இன்னும் நடக்கிறது. அது நல்ல கிளட்சையும் கொஞ்சம் எரித்துவிட்டுத்தான் விடை சொல்லும்.

ஒட்டலின் அடையாளங்கள் வேறு. நின்ற வண்டியில் நியூட்ரல் கிடைக்காது. லீவரைப் பிடித்தும் வண்டி முன்னே ஊரும். கியர் மாறும்போது கடகடவென்று சத்தம் வரும். இரவு முழுதும் நின்ற வண்டி காலையில் முதல் கியரில் ஒருமுறை குதிப்பது மட்டும் நோயன்று. எண்ணெய் தகடுகளை ஒட்டவைத்திருப்பதால் வருவது அது. சூடான பின்னும் ஒட்டல் நீடித்தால் மூன்று இடங்களில் தேடலாம்: அளவுக்கு மீறிய தளர்ச்சி, வெப்பத்தால் வளைந்த எஃகுத் தகடுகள், வெளிக்கூட்டின் பிளவுகளுக்கு நடுவே உள்ள விரல்களில் விழுந்த பள்ளங்கள். அலுமினியக் கூடுகளில் உராய்வுத் தகட்டின் காதுகள் இடித்து இடித்துப் படிபோன்ற பள்ளங்களை உண்டாக்குகின்றன. தகடுகள் அவற்றில் சிக்கிக்கொண்டு நகர மறுக்கும். அரத்தால் தேய்த்துச் சமப்படுத்துவது தற்காலிகத் தீர்வு. காதுகளுக்கும் விரல்களுக்கும் உள்ள இடைவெளி கூடுவதால் இடிப்பு இன்னும் பலமாகி, பள்ளம் விரைவில் திரும்பும்.

எஞ்சின் ஆயிலும் சாட்சி சொல்லும். கருகிய வாடையும், வடிகட்டியில் சேரும் கரிய நார்த்துகள்களும் உராய்வுப் பொருள் உதிர்வதைக் காட்டுகின்றன. பாலில் கலந்த காபியின் நிறம் தெரிந்தால் ஓடை கடந்தபோது நீர் புகுந்திருக்கிறது; அதைக் கிளட்ச் பிரச்சினையாக மட்டும் பார்க்காமல் எஞ்சினைக் காப்பாற்ற ஆயிலை உடனே மாற்ற வேண்டும்.

கழற்றிப் பார்க்கும் கட்டத்தில் கண்ணை நம்பக் கூடாது. உராய்வுத் தகட்டின் தடிமனை வெர்னியர் காலிபரால் பல இடங்களில் அளக்க வேண்டும். எஃகுத் தகட்டைக் கண்ணாடிப் பலகையில் படுக்கவைத்து, அடியில் ஃபீலர் கேஜ் எனும் மெல்லிய அளவுத் தகடு நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்பிரிங்குகளை அழுத்தாதபோது உள்ள நீளத்தைக் கையேட்டின் எல்லையோடு ஒப்பிட வேண்டும். நீலம் பாரித்த எஃகுத் தகடுகளை விட்டுவிட்டு உராய்வுத் தகடுகளை மட்டும் மாற்றுவது பணத்தை மிச்சப்படுத்துவதுபோல் தோன்றும். வளைந்த தகட்டின் மேடுகள் புதிய தகட்டைச் சீக்கிரமே எரித்துவிடும்.

எண்ணெயின் பங்கு

காருக்கு ஊற்றும் விலையுயர்ந்த எண்ணெய் பைக்குக்கும் நல்லது என்ற எண்ணம் ஆபத்தானது. எரிபொருள் சிக்கனத்துக்காகச் சில கார் எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. எண்ணெயில் நனைந்த கிளட்ச் வாழ்வதோ உராய்வால். இந்த முரண்பாட்டைத் தீர்க்கவே ஜப்பானில் 1998-இல் ஜாசோ டி 903 என்ற தரநிலை உருவானது. அதில் எம்ஏ என்ற குறி கிளட்ச் பிடிப்புக்கு ஏற்ற உராய்வு கொண்ட எண்ணெயையும், எம்பி என்ற குறி குறைந்த உராய்வு எண்ணெயையும் குறிக்கின்றன. எம்ஏ-வுக்குள்ளேயே எம்ஏ1, எம்ஏ2 என்ற பிரிவுகள் உண்டு. எம்ஏ2 கூடுதல் உராய்வு உடையது. எம்பி எண்ணெய் நனைந்த கிளட்ச் இல்லாத ஸ்கூட்டர்களுக்கானது. அவசரத்தில் ஸ்கூட்டர் எண்ணெயைப் பைக்கில் ஊற்றிவிட்டு, அடுத்த நாள் பிளேட் மாற்றச் சொல்வதற்கு முன் டப்பாவின் பின்புறத்தைப் படிப்பது நல்லது. கிளட்சைக் கடுமையாகப் பயன்படுத்திய பயணத்துக்குப் பின், கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் எண்ணெயை மாற்றிவிட வேண்டும்.

தடுப்பு முறைகள்

கியர் விகிதத்தை மாற்றுவதே என் மதிப்பீட்டில் மிக மலிவான, மிகப் பயனுள்ள தடுப்பு. செயினை இழுக்கும் முன் பற்சக்கரமான ஸ்பிராக்கெட்டில் 13 பற்களுக்குப் பதில் 12 பற்கள் பொருத்தினால், ஒவ்வொரு கியரிலும் இழுவை 8 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூடி, வேகம் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைகிறது. நெடுஞ்சாலையில் எஞ்சின் சற்றுக் கூவும். மலையில் லீவரைத் தொடும் நேரம் குறையும்.

ஓட்டும் முறையில் கவனிக்க வேண்டியவை:

1. ஏற்றத்தில் நிற்கும்போது கிளட்சால் வண்டியைத் தாங்கக் கூடாது. அதற்குப் பின்பிரேக் இருக்கிறது. லீவரின் மீது விரலை வைத்தபடியே ஓட்டுவதும் தளர்ச்சியைத் தின்றுவிடும்.

2. மணலிலோ சேற்றிலோ சிக்கினால் சத்தத்தைக் கவனிக்க வேண்டும். பின்சக்கரம் வெறுமனே சுழன்று மண்ணை வாரி இறைத்தால் கிளட்ச் பெரும்பாலும் பாதுகாப்பாகவே இருக்கிறது. எஞ்சின் அலற, சக்கரம் அசையாமல் இருந்தால் அத்தனை ஆற்றலும் தகடுகளுக்குள் போகிறது. அந்தக் கணத்தில் இறங்கி, டயரின் காற்றைக் குறைத்து, வண்டியின் பக்கவாட்டில் நடந்தபடி தள்ளுவது கௌரவக் குறைவன்று.

3. தோற்ற முயற்சிக்கும் அடுத்த முயற்சிக்கும் நடுவே சில நிமிட இடைவெளி வேண்டும். எஞ்சினை நியூட்ரலில் மெதுவாக ஓடவிட்டால் எண்ணெய் சுற்றிக்கொண்டே வெப்பத்தை எடுத்துச் செல்லும்.

கைப்பிடியை உயர்த்தும் துண்டுகள் பொருத்தியவர்கள் ஒன்றைச் சோதிக்க வேண்டும். கேபிளின் நீளம் போதாவிட்டால், கைப்பிடியை ஒருபக்கம் முழுதாகத் திருப்பும்போது கேபிள் இழுபட்டுத் தளர்ச்சி மறைந்துவிடும். கொண்டை ஊசி வளைவில் மட்டும் வழுக்கும் கிளட்சின் மர்மம் பல நேரங்களில் இவ்வளவே.

450 சிசி ஹிமாலயன் போன்ற புதிய வண்டிகளில் வரும் ஸ்லிப் அண்ட் அசிஸ்ட் கிளட்ச் குறித்தும் ஒரு குழப்பம் நிலவுகிறது. அதன் சாய்தளங்கள் எஞ்சின் இழுக்கும்போது தகடுகளை மேலும் நெருக்கி, கியர் குறைக்கும்போது வரும் எதிர்விசையில் தளர்த்துகின்றன. அதனால் மெலிந்த ஸ்பிரிங்குகளே போதுமாகி லீவர் இலேசாகிறது. அரைப்பிடியில் பிறக்கும் வெப்பத்தை அது ஒழிப்பதில்லை. கை வலிக்காததால் அரைப்பிடியிலேயே நெடுநேரம் ஓட்டும் பழக்கம் வந்துவிடுவது இதன் மறுபக்கம்.

வழியில் கைவிட்டால்

கணவாயின் நடுவில் கிளட்ச் வழுக்கத் தொடங்கிவிட்டால், முதலில் அரைமணி நேரமாவது ஆறவிட்டு, லீவரின் தளர்ச்சியை வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக வைக்க வேண்டும். ஸ்பிரிங்குகளின் முழு அழுத்தமும் தகடுகளுக்குக் கிடைப்பதை அது உறுதிசெய்யும். தேய்ந்த கிளட்சும் ஒரு குறிப்பிட்ட முறுக்குவிசை வரை வழுக்காமல் தாங்கும் என்பதால், அந்த எல்லைக்குள் ஓட்டுவதே வழி. கீழ்க் கியரில் அதே கிளட்ச் விசை பின்சக்கரத்தில் பெருகிக் கிடைக்கிறது. ஆக்சிலரேட்டரைக் கால்வாசிக்கு மேல் திறக்காமல், சுமையையும் பயணியையும் வேறு வண்டிக்கு மாற்றி, முதல் இரண்டு கியர்களுக்குள் நகர்ந்தால் பல நேரங்களில் அடுத்த ஊர்வரை போய்ச் சேரலாம். அங்கே புதிய தகடுகள் கிடைத்தால், பொருத்துவதற்கு முன் அவற்றைப் புதிய எஞ்சின் ஆயிலில் சில மணி நேரமாவது ஊறவைக்க வேண்டும். உலர்ந்த தகடுகள் முதல் ஏற்றத்திலேயே கருகும். ஸ்பிரிங் போல்ட்டுகளைக் குறுக்காக, சிறிது சிறிதாக இறுக்கி, எஞ்சின் ஆறியிருக்கும்போது தளர்ச்சியை அமைத்து, முதல் 100 கிலோமீட்டருக்குப் பின் மீண்டும் ஒருமுறை அதை அளந்து பார்க்க வேண்டும்.